சொல்லின் வேரைத் தேடுவோம்
ஆங்கில அருஞ்சொற்களைப் பயிலும் முறை

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானுக்கு அருகே ஆயர் தாவார் என்னும் ஊர் அமைந்துள்ளது. அப்பெயரை நாள்தோறும் சொல்பவர்களுள் அதன் பொருளை எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மலாய் மொழியில் 'ஆயர்' என்றால் நீர். 'தாவார்' என்றால் உப்போ சுவையோ ஏறாதது. ஆகவே ஆயர் தாவார் என்பது நன்னீர் ஆகும். அதே 'தாவார்' என்ற அடிச்சொல்லிலிருந்தே நஞ்சை முறிக்கும் மருந்தைக் குறிக்கும் 'பெனாவார்' என்ற சொல்லும் பிறந்தது. கடுமையைப் போக்குவது என்பதே அதன் உட்கருத்து. ஆனால், சந்தையில் விலை பேசுவதற்கும் 'தாவார்' என்றே பெயர்!

இவ்வூர்ப் பெயர் நமக்கு இரண்டு உண்மைகளைக் கற்பிக்கிறது. ஒரு வேரை அறிந்தால் பல சொற்கள் தாமே விளங்கும் என்பது முதலாவது. ஒரே வடிவம் வேறு பொருளையும் தாங்கி நம்மை ஏமாற்றக்கூடும் என்பது இரண்டாவது. ஆங்கில அருஞ்சொற்களைக் கற்பதற்கும் இவ்விரண்டுமே வழிகாட்டிகள்.

பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வு நெருங்கும்போது, நம் மாணவர்கள் சிலர் நூறு அருஞ்சொற்களைப் பட்டியலிட்டு இரவு பகலாக மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்த மறுவாரமே அவை மறந்துபோகின்றன. வேரில்லாமல் நட்ட கிளை எவ்வாறு தழைக்கும்? அதைவிட வருந்தத்தக்கது, ஆங்கிலத்தின் கடினச் சொற்கள் யாவும் நகரத்துப் பிள்ளைகளுக்கே உரியவை என்று தோட்டப்புற மாணவர் எண்ணிவிடுவதாகும். அவ்வெண்ணம் தவறு என்பதை இனிக் காண்போம்.

வீட்டிலிருந்து சென்ற சொற்கள்

ஆங்கில அகராதியில் 'கேட்டமரான்' என்றொரு சொல் உண்டு. இரட்டை அடிப்பாகம் கொண்ட படகை அது குறிக்கிறது. அது நம் கட்டுமரமே. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, அதற்கு அறிவியலார் இட்ட பெயர் 'கொரண்டம்'. அது தமிழின் குருந்தம். 'ஷெரூட்' என்பது சுருட்டு. 'ஆனிகட்' என்பது அணைக்கட்டு. 'மல்லிகட்டானி' என்னும் சூப்பு வகை, நம் பாட்டிமார் வைத்த மிளகுத்தண்ணீர்.

இத்தகைய சொற்களைத் தொகுத்து, 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற பெயரில் 1886ஆம் ஆண்டில் ஓர் அகராதி வெளிவந்தது. அதனை ஆக்கியோர் ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் ஆகிய இருவர். இவர்களுள் பர்னல் சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தென்னிந்திய மொழிகளை ஆழ்ந்து கற்றவர். நூல் வெளிவருவதற்கு முன்பே, 1882இல் அவர் மறைந்தார். நம் முன்னோர் நாவில் வழங்கிய சொற்களைத் தேடி அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கும்போது, அச்சொற்களைக் கண்டு நாம் அஞ்சுவானேன்?

மலாய் மொழியும் ஆங்கிலத்திற்கு வழங்கியிருக்கிறது. பால்மரத்தை நம் முதியோர் 'கித்தா மரம்' என்பர். மரப்பாலைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல்லின் திரிபு அது. அதே கெத்தாவே ஆங்கிலத்தில் 'கட்டா-பெர்ச்சா' என்று நுழைந்தது. அது ரப்பர் அன்று. இந்நாட்டுக் காட்டு மரம் ஒன்றின் பிசின். 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு அதுவே உறையாயிற்று. இன்றும் பல் மருத்துவர்கள் பல்லின் வேர்க்குழியை அடைக்க அதனைப் பயன்படுத்துகின்றனர்.

வேலைக்காட்டுச் சொற்கள்

பேராக்கில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. எனினும் இவ்விரு பயிர்களும் கற்றுத்தரும் சொற்கள் ஏராளம். பாலை உறையவைக்கும் ஆசிட்டின் பெயர் 'ஃபார்மிக்' அமிலம். லத்தீன் மொழியில் 'ஃபார்மிக்கா' என்றால் எறும்பு. முற்காலத்தில் எறும்புகளை வாலையிலிட்டு வடித்தே அதனைப் பெற்றதால் அப்பெயர் வந்தது. தோலின்மீது எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சிக்கு மருத்துவர்கள் இட்ட பெயர் 'ஃபார்மிக்கேஷன்'. ஆசிட் வாளியைத் தூக்கியவரின் பிள்ளைக்கு இவ்வருஞ்சொல் இனி மறக்குமா?

பால் உறைவதை ஆங்கிலத்தில் 'கோயேகுலேட்' என்பர். அதனுடன் 'எதிர்' என்னும் பொருள்தரும் 'ஆன்டி' சேர்ந்தால் 'ஆன்டிகோயேகுலன்ட்' ஆகிறது. இரத்தம் உறையாதிருக்க இருதய நோயாளிகள் சிலருக்குக் கொடுக்கப்படும் மருந்து வகை அது. கட்டிப்பாலை அறிந்தவருக்கு மருந்துச் சீட்டின் சொல்லும் விளங்கிவிடுகிறது.

செம்பனைக்கு வருவோம். முன்பு இந்நாட்டில் செம்பனைப் பூக்களுக்குத் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவி வந்தனர். 1981ஆம் ஆண்டில் கேமரூன் நாட்டுக் கூன்வண்டு இங்குக் கொண்டுவந்து விடப்பட்ட பின் அவ்வேலையை வண்டுகளே ஏற்றன. பூச்சிகளால் மகரந்தம் சேரும் செடியினத்தை 'என்டமாஃபிலஸ்' என்பர். கிரேக்கத்தில் 'என்டமான்' பூச்சி, 'ஃபிலோஸ்' அன்புடையது. பூச்சியை விரும்பும் செடி என்பது கருத்து. இதே 'ஃபிலோஸ்' அறிவை விரும்பும் 'ஃபிலாசஃபி'யிலும், மனிதரை விரும்பும் 'ஃபிலாந்த்ரபி'யிலும் இருப்பதைக் காண்க.

கடிதத்தில் வரும் சொற்கள்

அருஞ்சொல்லறிவு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. தோட்டம் கைமாறும்போதும், நிலம் வீடமைப்புக்கு விடப்படும்போதும் தொழிலாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வருவதுண்டு. தந்தை அதனைப் படிக்கும் பிள்ளையிடம் நீட்டுகிறார். பிள்ளையும் மூன்றாம் வரியில் திகைத்து நின்றுவிடுகிறது. அவ்விடத்தில் நிற்கும் சொற்களே நாம் முதலில் கற்க வேண்டியவை.

'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்பது ஆட்குறைப்பு. வெட்டி நீக்குதல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லே அதன் மூலம். நிலத்தில் வெட்டும் 'டிரெஞ்ச்' அதன் உறவு. 'வேக்கன்ட் பொசெஷன்' என்பது, குடியிருப்போர் எவருமின்றி வெறுமையாக இடத்தை ஒப்படைத்தல். 'வேக்கேட்', 'வேக்கன்சி', 'வேக்குவம்' யாவும் வெறுமை என்னும் ஒரே வேரின் கிளைகள்.

'எக்ஸ் கிரேஷியா' என்பது லத்தீன் தொடர். 'கருணையின்பேரில்' என்பது அதன் பொருள். சட்டக் கடமை என ஒப்புக்கொள்ளாமல், தாமே மனமுவந்து தருவதாகக் கூறி முதலாளி கொடுக்கும் தொகையை அது குறிக்கும். ஆட்குறைப்பு இழப்பீடோ வேறு. தீபகற்ப மலேசியாவில் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழமைந்த 1980ஆம் ஆண்டு விதிகள், அதற்குத் தகுதியுள்ள தொழிலாளருக்குக் குறைந்த அளவை வரையறுத்துள்ளன. 12 மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். பணிக்காலம் 2 ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குள் எனில் 15 நாள் சம்பளம். 5 ஆண்டும் அதற்கு மேலும் எனில் 20 நாள் சம்பளம். ஒன்று கருணை, மற்றொன்று உரிமை. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது இரண்டே சொற்கள். அவற்றின் பொருளறியாமல் கையெழுத்திடுவது நன்றன்று. ஐயம் எழுந்தால் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கடிதத்தைக் காட்டித் தெளிவு பெறுவோம்.

வேர் ஏமாற்றும் இடம்

'இன்' என்ற முன்னொட்டு 'இல்லை' என்னும் பொருளைத் தருவது வழக்கம். 'விசிபிள்' கண்ணுக்குத் தெரிவது, 'இன்விசிபிள்' தெரியாதது. இதனை மட்டும் நம்பி, 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதிய தகரத்தைத் தீப்பற்றாதது என்று ஒருவர் கொள்வாராயின் விளைவு என்னவாகும்? அச்சொல்லின் உண்மைப் பொருள் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே! அங்கே 'இன்' என்பது 'உள்ளே' என்று பொருள்படும் வேறொரு முன்னொட்டு. 'தாவார்' விலைபேச்சாகவும் நன்னீராகவும் நின்றது போன்றதே இதுவும். ஆதலின் வேரைக்கொண்டு ஊகிப்போம். அகராதியைக்கொண்டு உறுதி செய்வோம்.

குறிப்பேட்டு முறை

ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் வரைவோம். முதலாவதில் சொல், இரண்டாவதில் வேரும் பொருளும், மூன்றாவதில் உறவுச் சொற்கள், நான்காவதில் நம் வாழ்க்கையையொட்டி நாமே அமைத்த வாக்கியம். நாளொன்றுக்கு 3 சொற்கள் போதும். ஆறு நாளில் 18 சொற்கள் சேரும். ஏழாம் நாள் புதுச்சொல் வேண்டா, பழையவற்றை மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்போம். இவ்வாறு 50 வாரங்கள் தொடர்ந்தால் 900 சொற்கள் நம் உடைமையாகும்.

கற்ற சொல்லைக் காட்சிப் பொருளாக்குதல் கூடாது. எளிய சொல் போதுமான இடத்தில் அருஞ்சொல்லைத் திணித்தால் கட்டுரை கெடும். பிறர் எழுதியதைத் தயங்காமல் படிக்கவும், நாம் கருதியதைப் பிழையின்றிச் சொல்லவுமே சொல்வளம் வேண்டும்.

பயிற்சி

1. 'ஃபோலியம்' என்றால் இலை. 'டீஃபோலியேஷன்' என்பது யாது?
2. 'மெசோ' நடு, 'கார்ப்' கனி. செம்பனைப் பழத்தின் 'மெசோகார்ப்' எப்பகுதி?
3. 'அக்வா' நீர், 'டூக்கெரே' நடத்திச் செல்லுதல். 'அக்வடக்ட்' என்பது யாது? தோட்டத்தில் நாம் அறிந்த எந்தப் பதவிப் பெயரில் இதே வேர் உள்ளது?

விடைகள்: 1. இலையுதிர்வு. 2. தோலுக்கும் கொட்டைக்கும் நடுவே எண்ணெய் நிறைந்த சதைப்பகுதி. 3. நீரைக் கொண்டுசெல்லும் கால்வாய்; கண்டக்டர்.

இன்றிரவு பிள்ளைகளுடன் அமர்ந்து முதல் மூன்று சொற்களை எழுதத் தொடங்குவோம். பிள்ளை அகராதியைப் புரட்டட்டும். கித்தாவும் கட்டிப்பாலும் அறிந்த பெரியோர் அருகிருந்து பொருள் சொல்லட்டும். அடுத்த கடிதம் வரும் நாளில் மூன்றாம் வரியையும் கடந்து படிக்கும் பிள்ளை நம் இல்லத்தில் இருக்கும்.