நெட் நின்றால் ஊக்கைத் தேடாதே!

நெட் நின்றதும் ஊக்கை எடுத்துக்கொண்டு ரூட்டரின் பின்னால் இருக்கும் ஓட்டையைக் குத்தக் கிளம்புகிறாயே, முதலில் அதைக் கீழே வை. அது ரீசெட். குத்தினால், கேபிள்காரத் தம்பி போட்டுவிட்டுப் போன யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் அவர் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

1. ஸ்விட்சை அணை, அரை நிமிஷம் பொறு, போடு. லைட்டெல்லாம் நிலைக்கு வர இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதற்குள் மறுபடி அணைக்காதே, அவசரக்குடுக்கை!

2. ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' லைட் சிவப்பாக இருக்கிறதா? வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். பீரோவை நகர்த்தினாயா, ஒயரை மடக்கி ஆணியில் சுற்றினாயா என்று பார். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ரொம்ப வளைத்தால் ஒளி கசியும், ஒடியவும் செய்யும். அதைப் பிடுங்கி முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது, வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். முந்தானையால் துடைப்பதும் வேண்டாம். வளைவை நீக்கியும் சிவப்பு போகவில்லையா? கம்பெனிக்குப் போன் போட்டு, "எல்ஓஎஸ் சிவப்பு" என்றே சொல். பாதிக் கேள்வி மிச்சம்.

3. மொபைலில் நெட் வருகிறதே என்பாய். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தாயா? வைஃபையில் வந்து, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை என்றால் லேன் ஒயரைச் சந்தேகப்படு. 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்து. கொக்கி ஒடிந்த ஒயருக்கு செல்லோடேப் வைத்தியம் வேண்டாம், வேறு ஒயர் போடு. பெரிய பிளான் எடுத்தும் வேகம் 95-ஐத் தாண்டவில்லையா? ஒயருக்குள் எட்டுக் கம்பி உண்டு. 1000 எம்பி வேகத்துக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நாலே போதும். ஒரு கம்பி அறுந்தாலும் நெட் ஓடிக்கொண்டே இருக்கலாம், வேகம்தான் 100-க்குள் அடங்கிவிடும். பழைய ரூட்டராக இருந்தால் அதன் போர்ட்டே 100-ஆக இருக்கலாம், ஒயரைத் திட்டாதே.

4. அடாப்டர்! செட்டாப் பாக்ஸுடையதும் ரூட்டருடையதும் அச்சு அசல் ஒன்று போலவே இருக்கும், பின்னும் பொருந்தும். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் கருகக்கூடும். வோல்ட்டும் பிளஸ்-மைனஸ் குறியும் மாறக்கூடாது, ஆம்பியர் குறையக்கூடாது. ரூட்டர் தானாக அணைந்து அணைந்து எரிந்தால், புது ரூட்டர் வாங்கும் முன் அடாப்டரை மாற்றிப் பார்.

5. இடி மழை தொடங்கும் முன்பே பிளக்கோடு லேன் ஒயரையும் கழற்று.

படித்துவிட்டு அப்படியே போகாதே தங்கச்சி. எழுந்து போய் ஒவ்வொரு அடாப்டரிலும் எது எதற்கு என்று எழுதி ஒட்டிவிட்டு வா.