இலக்கணமும் விளையாட்டும்

நுழையும் முன்

அன்றாடப் பேச்சு இலக்கண நெறியிலிருந்து சிறிதும் வழுவாமல் அமைய வேண்டும் என்பர் ஒரு சாரார். பேச்சு, கருத்தையும் அன்பையும் பகிர்ந்துகொள்வதற்கு உரியது. அங்கு விதிகள் எதற்கு என்பர் மற்றொரு சாரார். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பிழை நேருமோ என்னும் அச்சத்தால், ஊரிலுள்ள தாத்தாவிடம் தொலைபேசியில் இரண்டு சொற்களோடு பேச்சை முடித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. எப்படிப் பேசினாலும் போதும் என்றிருந்து, பாட்டி எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாமல் போகும் பிள்ளைகளும் உண்டு. இவ்விரு நிலைகளுக்கும் நடுவே தமிழ் இலக்கணமே ஒரு வழியை வகுத்துள்ளது. அதனை இப்பாடம் விளக்குகிறது.

பேச்சிலும் நெறி உண்டு

எழுத்தில் 'வருகிறேன்' என அமைவது பேச்சில் 'வர்றேன்' என ஒலிக்கும். 'அவர்கள்' என்பது 'அவங்க' ஆகும். இதனைக் கொண்டு பேச்சுத்தமிழுக்கு இலக்கணம் இல்லை எனக் கருதுதல் பொருந்தாது. தமிழைக் கேட்டு வளரும் குழந்தை 'நான் வர்றேன்' என்று கூறுமேயன்றி, 'நான் வர்றான்' என்று கூறாது. தன்மை ஒருமைக்கு 'ஏன்' என்னும் விகுதி வர வேண்டும் என்பதை எவரும் அதற்குச் சூத்திரமாகக் கற்பிக்கவில்லை. வீட்டாரின் பேச்சைக் கேட்டே அஃது அறிந்துகொண்டது. மதுரை வட்டாரத்தில் வழங்கும் 'அங்கிட்டு', கொங்கு நாட்டில் வழங்கும் 'ஏனுங்க' ஆகியவையும் பிழைகள் அல்ல. அவ்வவ் வட்டாரத்தார் ஒத்துப் பின்பற்றும் வழக்குகள். நெறியே இல்லாத பேச்சு எங்கும் இல்லை.

விளையாட்டிலும் நெறி உண்டு

பிறர் அறியாவண்ணம் பேச விரும்பும் சிறுவர்கள் ஒவ்வோர் எழுத்தின் முன்னும் 'க' சேர்த்துப் பேசுவது தமிழ்நாட்டில் உள்ள ஒரு விளையாட்டு. 'நாளை வா' என்பது அதில் 'கநாகளை கவா' என மாறும். ஓரிடத்தில் 'க' விடுபட்டாலும் உடன் ஆடுவோர் அக்கணமே பிழை என்று கூறிவிடுவர்.

சொல்லின்பமும் அத்தகையதே. 'பள்ளிக்குப் பல்லி வந்தது' என்னும் தொடரில் உள்ள நகை, ளகரத்தையும் லகரத்தையும் வேறுபடுத்தி ஒலிப்போருக்கே கிட்டும். இரண்டையும் ஒன்றாக ஒலிப்போருக்கு அங்குச் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. அவ்வாறே, 'கீரை கடை' என்பது கீரையைக் கடையுமாறு ஏவுதல். 'கீரைக்கடை' என்பது கீரை விற்கும் இடம். தாய் 'கீரை கடை' என்று கூற, மகன் பையை எடுத்துக்கொண்டு கீரைக்கடைக்குப் புறப்பட்டான் என்றால், அந்நகைச்சுவை ஒரு ககர ஒற்றில் தங்கியுள்ளது. வல்லினம் மிகும் இடத்தையும் மிகா இடத்தையும் அறிந்தவரே அதனை முழுமையாகச் சுவைப்பர்.

15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகப் புலவர் சிலேடை பாடுவதில் வல்லவர். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒருங்கே பொருந்துமாறு ஒரே வெண்பாவை அவர் பாடியுள்ளார். தமிழ்ப் பாவகைகளுள் கட்டுப்பாடு மிக்கது வெண்பா. அக்கட்டுப்பாட்டினுள் நின்றே அவர் சொல்லோடு விளையாடினார்.

இலக்கணம் அளித்த இடம்

இன்று கிடைக்கும் தமிழ் இலக்கண நூல்களுள் மிகப் பழமையானது தொல்காப்பியம். பாட்டு, உரை, நூல் ஆகியவற்றை வகைப்படுத்தும் அந்நூல், அவற்றோடு பிசி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றையும் சேர்த்துக் கூறுகிறது. பிசி என்பது விடுகதை. அங்கதம் என்பது எள்ளல். முதுசொல் என்பது பழமொழி. திண்ணையில் அமர்ந்து பாட்டி போடும் விடுகதைக்கும் இலக்கண நூலில் இடம் உண்டு.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மக்களின் சொல்வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பிரிக்கிறது. கோயம்புத்தூரைக் 'கோவை' எனவும், தஞ்சாவூரைத் 'தஞ்சை' எனவும் சுருக்கி வழங்குவது மரூஉ. இது இயல்பு வழக்கின்பாற்படும். இறந்தவரைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. இவ்விரண்டும் தகுதி வழக்கின்பாற்படும். நண்பர்கள் தமக்குள் வழங்கும் மறைமொழியும் குழூஉக்குறியை ஒத்ததே.

வழுவும் வழுவமைதியும்

இலக்கண நெறிப்படி பேசுவது வழாநிலை. நெறி பிறழப் பேசுவது வழு. நெறி பிறழினும், தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி.

தான் வளர்க்கும் பசு மேய்ச்சலிலிருந்து திரும்புவதைக் கண்ட மூதாட்டி ஒருவர், 'என் மகள் வந்துவிட்டாள்' என்கிறார். பசு அஃறிணை, 'வந்துவிட்டாள்' என்பது உயர்திணை வினை. எனினும் உவப்பின் காரணமாக இது திணை வழுவமைதி ஆகிறது. மகளைத் தாய் 'வாடா கண்ணா' என்றழைப்பது பால் வழுவமைதி. விடுமுறைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே 'கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறோம்' என்று பிள்ளைகள் கூறுவது, உறுதி பற்றி வந்த கால வழுவமைதி.

தில்லியில் வளரும் ஒரு சிறுவன் 'ரயில் வந்தாள்' என்று கூறுவதாகக் கொள்க. இந்தியில் வண்டியைக் குறிக்கும் 'காடி' என்பது பெண்பாற்சொல். அதற்கேற்ப வினையும் பெண்பாலில் வரும். தமிழில் ரயில் அஃறிணை; எனவே 'ரயில் வந்தது' என்பதே வழாநிலை. சிறுவனின் தொடர் வழு ஆகும்.

மூதாட்டியும் சிறுவனும் மீறியது ஒரே விதியைத்தான். அவ்வாறிருக்க, ஒன்று வழுவமைதியாகவும் மற்றொன்று வழுவாகவும் கொள்ளப்படுவது ஏன்? 'பசு வந்தது' என்பதே முறை என்பதை மூதாட்டி அறிவார்; கேட்போரும் அறிவர். அவ்விதி இருபாலார்க்கும் தெரிந்திருப்பதனாலேயே, அதனை மீறிய சொல்லில் அன்பு புலப்படுகிறது. சிறுவனின் சொல்லில் அத்தகைய குறிப்பு எதுவும் இல்லை.

எனினும், சிறுவனின் வழு சோம்பலால் விளைந்ததன்று. இந்தியின் நெறியை நன்கு உணர்ந்தவனாதலால், அதனைத் தமிழுக்கும் பொருத்திவிட்டான். 'ரயில் வந்ததா? எந்த ரயில் வந்தது?' எனச் சரியான வடிவத்தை மறுமொழியிலேயே வைத்து ஒருவர் கேட்பாராயின், பேச்சும் தொடரும். சிறுவனும் உரிய வடிவத்தைக் கேட்டுப் பழகுவான். அதனை விடுத்து அவனை ஏளனம் செய்தால், அடுத்த முறை அவன் இந்தியிலேயே விடை கூறக்கூடும். சொல் விளையாட்டில் பேசுவோரும் கேட்போரும் சேர்ந்து சிரிப்பர். ஏளனத்தில் கேட்போர் மட்டுமே சிரிப்பர். ஒரு பிழையை நீக்க எண்ணி, பேச்சையே நிறுத்திவிடுதல் மொழிக்குச் செய்யும் உதவி ஆகாது.

இடமறிந்து பேசுதல்

மருந்து உண்ணும் முறையை எழுதுவோர் சொல் விளையாட்டில் ஈடுபடலாகாது. விண்ணப்பம், தேர்வு விடை, அறிவிப்பு ஆகியவற்றிலும் பொருள் மயங்காத வழாநிலைத் தொடர்களே வேண்டும். நண்பரோடு உரையாடும்போதும், உடன்பிறந்தாரைச் செல்லமாகச் சீண்டும்போதும் சொல் வளைந்து கொடுக்கலாம். இடத்திற்கேற்ற சொல்லைத் தெரிந்தெடுப்பதும் மொழியறிவின் ஒரு பகுதியாகும்.

நெறிகளும் காலத்தால் மாறுவன. பெரியார் 1935 முதல் தம் 'குடிஅரசு' இதழில் சில எழுத்துகளைப் புதிய வடிவில் அச்சிட்டார். அவ்வடிவங்களுள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. தாத்தா வீட்டிலுள்ள பழைய நூல்களில் 'லை', 'னை' போன்ற எழுத்துகள் வேறு வடிவில் இருப்பதற்குக் காரணம் இதுவே. காலத்திற்கேற்பப் பழைய வழக்குகள் மறைவதும் புதியவை சேர்வதும் குற்றம் ஆகா என்று நன்னூலும் தன் நிறைவில் கூறுகிறது. ஆயினும், ஒருவர் தனியே செய்யும் மாற்றம் வழக்காகிவிடாது. பலரும் ஏற்று வழங்கும்போதே அது வழக்காகும்.

ஆகவே, பிழையின்றிப் பேசக் கற்ற பின்னரே வாய் திறக்க வேண்டும் எனப் பிள்ளைகள் காத்திருத்தல் வேண்டா. பேசப் பேச நெறி படியும். நெறி படியப் படிய விளையாட்டும் கைவரும். பாட்டியின் விடுகதைக்கு விடை கூறுவதோடு நில்லாமல், பாட்டிக்கே ஒரு விடுகதை போடும் நாளும் வரும்.

சொல்லும் பொருளும்

சாரார் – பிரிவினர்
நகை – சிரிப்பு
சிலேடை – ஒரு சொல் அல்லது தொடர் இரு பொருள்பட வருதல்
உவப்பு – மகிழ்ச்சி
துஞ்சினார் – உறங்கினார். இறந்தார் என்பதன் மங்கலச் சொல்
வழு – பிழை

பயிற்சி

1. வழாநிலை, வழு, வழுவமைதி என வகைப்படுத்துக.
அ) புத்தகம் கீழே விழுந்தாள்.
ஆ) 'என் செல்லம் வந்துவிட்டான்' என்று நாய்க்குட்டியைக் கொஞ்சினார் மாமா.
இ) மழை பெய்தது.

2. 'கீரை கடை', 'கீரைக்கடை' ஆகியவற்றைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.

3. மூதாட்டியின் கூற்று ஏற்கப்படுவதற்கும் சிறுவனின் கூற்று திருத்தப்படுவதற்கும் உரிய காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

4. நீ வாழும் ஊரில் பேசப்படும் மொழியின் தாக்கத்தால் உன் தமிழில் வரும் தொடர் ஒன்றை எழுதுக. அதன் வழாநிலை வடிவத்தையும் எழுதுக.

5. உன் தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவரிடம் தமிழில் உரையாடி, அவர் இளமையில் ஆடிய சொல் விளையாட்டு ஒன்றைக் கேட்டறிக. அதன் விதிகளை எழுதி வந்து வகுப்பில் ஆடிக் காட்டுக.