டீன்ஏஜ் பிள்ளையின் மனசு: போனில் ஒரு நிமிடக் குறிப்பு

"எப்படி இருக்கே?" என்று கேட்டால் "ம்" என்று மட்டும் பதில் வரும் வயது. போன்தான் எந்நேரமும் கையில் இருக்கிறதே, மனநிலையைக் குறித்துவைக்க அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

1. இரவு சாப்பாட்டுக்குப் பின் அலாரம் வைத்து, அன்றைய மனநிலைக்கு 1 (மோசம்) முதல் 5 (அருமை) வரை மார்க் போடச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரம் என்றால்தான் ஒப்பிட முடியும்.

2. பக்கத்திலேயே காரணமும் தூக்கமும் வரட்டும்: '2. கெமிஸ்ட்ரி டெஸ்ட். 5 மணி நேரத் தூக்கம்.' பத்து நாள் சேர்ந்தால், எது படுத்துகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

3. இதை எழுத போனில் உள்ள நோட்ஸ் போதும். ஆப்தான் வேண்டுமென்றால் லொகேஷன், கான்டாக்ட்ஸ் அனுமதியை மறுத்துவிடுங்கள். மார்க் போட அவை தேவையில்லை.

4. திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்காதீர்கள். ஒருமுறை மாட்டிக்கொண்டால், மறுநாளிலிருந்து தினமும் '5'தான்! ஞாயிற்றுக்கிழமை அவர்களாகவே காட்டட்டும். காட்டும்போது அட்வைஸ் வேண்டாம். சொன்னால் அடுத்த வாரம் காட்ட மாட்டார்கள்.

5. இரண்டு வாரம் 1, 2 என்றே ஓடினால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 'வாழப் பிடிக்கலை' என்று ஒரு வரி வந்தாலும் அன்றைக்கே பேசுங்கள், தனியே விடாதீர்கள். டெலி மானஸ் உதவி எண் 14416: 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.