விதைநெல்லுக்கு விலை பேசுமுன்

அயலாரிடம் விதைநெல் வாங்கும் கமக்காரர், நெல்லைச் சோதித்த பின்னரே விலை கூறுதல் வேண்டும். முளையாத விதையினால் பணம் மட்டுமன்று, ஒரு போகமும் வீணாகும்.

ஒவ்வொரு சாக்கிலும் மேல், நடு, அடி ஆகிய மூவிடத்தும் நெல் எடுத்துக் கலக்குக. அதிலிருந்து பொறுக்கியெடுக்காமல் 100 மணிகளை எண்ணி, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஈரத்துணியிற் சுற்றி வைக்குக. துணியை உலர விடலாகாது. ஏழாம் நாள் செவ்வையாய் முளைத்தவற்றை எண்ணுக. 85 அல்லது அதற்கு மேலாயின் நல்ல விதையாகும். 60 மட்டுமே முளைப்பின், 10 புசலுக்கு விலை கொடுத்து 6 புசல் விதையையே பெறுகின்றீர். அதனை விதையென வாங்குதல் தகாது.

கலப்பு நெல், களைவிதை, பதர் ஆகியன உளவோ எனவும் பார்க்க. பேசி முடித்த விலையையும் அளவையும் எழுதிக்கொண்டு, மாதிரியில் ஒரு பிடியைக் கட்டி வைக்குக. வந்திறங்கும் நெல்லை அதனுடன் ஒப்பிட்ட பின்னரே பணம் கொடுக்க.