அமியோடரோன் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மாநாட்டு மலரில் இதயத் துடிப்புக் கோளாறு மருந்துகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். சோடியம் சேனல், பொட்டாசியம் சேனல், வகுப்பு ஒன்று முதல் நான்கு வரை என்பதையெல்லாம் நாம் இருவரும் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. ஒழுங்காகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எரிச்சல் மூட்டியது ஒரே ஒரு வரி.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு வந்த அந்த அம்மாவுக்கு அமியோடரோன் ஏற்றினீர்கள், இசிஜி சைனஸ் ரிதத்துக்கு வந்தது, "மாத்திரையைத் தொடரச் சொல்லி டிஸ்சார்ஜ் செய்தோம்" என்று முடித்துவிட்டீர்கள். தொடரச் சொன்னீர்கள், சரி. எதுவரை? நம் ஊரில் பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டினால் மாத்திரை கிடைத்துவிடும். சில வருஷம் கழித்து அவர் இளைத்துப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு வேறொரு டாக்டர் முன்னால் உட்காரும்போது அந்தச் சீட்டில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கை உடம்பு பிரித்தெடுத்தாலே தினசரித் தேவையைப்போல ஐம்பது மடங்கு ஆகிவிடும். தைராய்டு ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். தொடங்கும் முன் டிஎஸ்எச், லிவர், மார்பு எக்ஸ்ரே பார்த்தீர்களா? கட்டுரையில் இல்லை. அந்த அம்மா ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறவர் என்று முதல் பத்தியில் நீங்களே சொல்கிறீர்கள். அதன் அளவை மூன்றில் ஒரு பங்காவது குறைத்தீர்களா? அதுவும் இல்லை. இந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் ஐஎன்ஆர் வார்டில் இருக்கும்போதே காட்டிக்கொடுக்காது. வீட்டுக்குப் போன பிறகு வாரக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

இத்தனைக்கும் உங்களுக்கு எழுத வராமல் இல்லை. ஒரு பையனுக்கு அடினோசின் போட்ட பகுதி அபாரம்! 6 மில்லிகிராமை முழங்கை வெயினில் ஒரே தள்ளாகத் தள்ளி, பின்னாலேயே சலைனையும் அடித்து, கையைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். மானிட்டரில் கோடு படுத்துவிடுகிறது. "உயிர் போகுதுங்க" என்று அந்தப் பையன் உங்கள் சட்டையைப் பற்றுகிறான். மறுபடி துடிப்பு எழும்வரை நானும் மூச்சு விடவில்லை. தமிழில் மருத்துவம் எழுதுகிறவர்களில் இப்படி ஒரு பக்கத்தை நான் வேறு யாரிடமும் படித்ததில்லை. ஆனால் பாருங்கள், பத்து விநாடிக்குள் பாதி காணாமல் போகிற மருந்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். நிறுத்தினாலும் மாதக்கணக்கில் உடம்பை விட்டுப் போகாத அமியோடரோனுக்கு ஒரு வரி!

இன்னொன்று. "சில மருந்துகள் மாரடைப்பு வந்தவர்களுக்கு ஏற்றவையல்ல" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்துக்கு நாம் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும், வாசகருக்குத் தெரியாதே. காஸ்ட் என்ற ஆய்வில், மாரடைப்புக்குப் பின் வென்ட்ரிகுலர் எக்டோபிக், அதாவது முறைதப்பிய துடிப்பு, இருந்து, அது மருந்துக்கு அடங்குகிறது என்று உறுதியானவர்களைப் பிரித்து, 755 பேருக்கு என்கைனைடோ ஃப்ளெகைனைடோ கொடுத்தார்கள், 743 பேருக்கு வெறும் மாத்திரை. சராசரி 10 மாதத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர் இறந்தார்கள், வெறும் மாத்திரைக்காரர்களில் 26 பேர். மருந்து சொன்ன வேலையைச் செய்தது, எக்டோபிக் அடங்கியது. ஆள்தான் போய்விட்டார்.

1989இல் அந்த ஆய்வில் இந்த இரண்டு மருந்தையும் பாதியில் நிறுத்தினார்கள். செய்தி வந்த ஜர்னல் எங்கள் கல்லூரி நூலகத்துக்குக் கப்பல் தபாலில் மாதங்கள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. எங்கள் சீஃப் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரவுண்ட்ஸ் வந்தார். கேஸ் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, எக்டோபிக்குக்கென்று ஓடிக்கொண்டிருந்த மாத்திரைகளைச் சிவப்பு மையால் அடித்தார். "எக்டோபிக் எத்தனைன்னு நான் கேட்டேனா? இந்த ஆளுக்கு என்ன பண்ணுதுன்னு சொல்லு" என்று ஹவுஸ் சர்ஜனைப் பிடித்து உலுக்கினார். டிகாக்ஸின் எழுதினால் சீட்டின் ஓரத்தில் "சனி, ஞாயிறு லீவு" என்று தமிழிலேயே போட்டுவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட, பள்ளிக்கூடம் மாதிரி மாத்திரைக்கும் லீவு உண்டு என்று சொல்லிக்கொண்டு போவாள். இன்று கம்ப்யூட்டரில் அச்சடித்த சீட்டில் மருந்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எப்போது நிறுத்த வேண்டும், எப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. இதை நான் எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் இளசுகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

கட்டுரையைத் திருத்துவது அப்புறம் இருக்கட்டும். அந்த அம்மாவின் போன் நம்பர் கேஸ் ஷீட்டில் இருக்கும். நாளைக்கே கூப்பிட்டு ஐஎன்ஆரும் டிஎஸ்எச்சும் பார்க்கச் சொல்லுங்கள். அமியோடரோன் அவருக்கு இன்னும் வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்து, தேதி போட்டுப் புதுச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர் ஒருவர்