தேடினால் கிடைக்கக் கூடாதவை

மாலையில் தேடல் பக்கத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டோம். மறுநாள் காலை பத்தரை மணிக்குக் கணக்குப் பிரிவிலிருந்து போன். "தம்பி, கொஞ்சம் மேல வாங்க. யார்கிட்டயும் எதுவும் சொல்லாம வாங்க."

போனேன். அக்காவின் திரையில் 'சம்பளம்' என்று தேடியதற்கான விடைகள். நான்காவதாக, எங்கள் அறக்கட்டளைப் பள்ளிகளின் ஆசிரியர் எல்லாருக்குமான ஊதிய உயர்வுப் பட்டியல். தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி முன்னோட்டத்தில் இரண்டு ஆசிரியர்களின் பெயர், பக்கத்தில் தொகை. ஏதோ விண்ணப்பப் படிவத்தைத் தேடப்போன நூலக உதவியாளர் ஒருவர்தான் இதைப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடு நேராக அக்காவிடம் வந்து சொல்லியிருக்கிறார்.

ஐந்து நிமிடத்தில் சர்வரை நிறுத்தினேன். மறுபடி திறக்க மூன்று வாரம் ஆனது. கிளவுடில் கிடக்கும் கோப்புகளை அலுவலகத்தின் சொந்தத் தேடலோடு இணைக்கப்போகிறவர்கள் அந்த மூன்று வாரத்தை முதலிலேயே செலவழித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் கூகுள் டிரைவில் ஒரு லட்சத்துக்கு மேல் கோப்புகள். அறக்கட்டளை மருத்துவமனையின் சுற்றறிக்கைகளும் பள்ளிகளின் பழைய பதிவுகளும் தனித்தனி சர்வர்களில். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தட்டித் தேட வேண்டும் என்பது ஆசை. தேடுபொறிக்கு ஓப்பன்சர்ச், எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து 2021இல் பிரிந்த திறமூல மென்பொருள். கோப்புக்குள்ளிருந்து எழுத்தை உருவி எடுக்க அப்பாச்சி டிக்கா. இரண்டும் ஒரே வாரத்தில் ஓடத் தொடங்கின. வேலை முடிந்தது என்று அப்போதே நம்பிவிட்டேன்.

அந்தப் பட்டியல் எப்படி வெளியே வந்தது? அதை உருவாக்கியவர், 'நிறுவனத்தில் லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம்' என்று பகிர்ந்திருந்தார். மூன்று தலைமையாசிரியர்களுக்கு அவசரமாக அனுப்ப வேண்டியிருந்ததாம். இப்படிப் பகிர்ந்த கோப்பின் உரிமைப் பதிவில் 'டொமைன்' என்று இருக்கும். அதை 'ஊழியர் எல்லாரும்' என்று எடுத்துக்கொண்டு என் நிரல் இண்டெக்ஸில் ஏற்றிவிட்டது. அதே பதிவில் 'அலோ ஃபைல் டிஸ்கவரி' என்று இன்னொரு புலம் உண்டு. அது 'ஃபால்ஸ்' என்றிருந்தால், லிங்க் கையில் இருப்பவர் திறக்கலாம், ஆனால் மற்றவர்களின் தேடலில் அது வரக் கூடாது என்று பொருள். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை.

ஒரு கோப்பைத் திறக்கும் உரிமையும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் உரிமையும் வெவ்வேறு. எங்கள் ஆட்கள் வருடக்கணக்காக லிங்க் யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். அந்தத் தைரியத்தை ஒரே இரவில் நான் உடைத்தேன். அப்படிப் பகிர்ந்ததைத் தவறான பழக்கம் என்று அவர்களிடம் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. கருவி அனுமதித்த வழியில்தான் அவர்கள் நடந்திருந்தார்கள்.

இரண்டாவது குழியை நல்லவேளையாக, அந்த மூன்று வாரத்துக்குள் கண்டுபிடித்தேன். தனிநபர் டிரைவில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும்போது உரிமை விவரமும் கூடவே வரும். 'ஷேர்டு டிரைவ்' கோப்புகளுக்கு அப்படி வராது. அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். என் நிரலோ, உரிமைப் பட்டியல் காலியாக இருந்தால் கட்டுப்பாடு ஏதுமில்லை என்று எடுத்துக்கொண்டது. மருத்துவமனையின் ஷேர்டு டிரைவ் முழுவதும் அந்தக் கணக்கில் திறந்து கிடந்திருக்கும். அதை அடுத்த வாரம் இணைப்பதாக இருந்தோம். நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. காலியாக வந்தால் யாருக்கும் காட்டாதே என்று ஒரே வரியை மாற்றினேன். இந்த வேலையில் நான் எழுதிய வரிகளிலேயே முக்கியமானது அதுதான்.

குரூப் விஷயமும் இப்படித்தான். ஒரு ஃபோல்டரை 'தேர்வுக் குழு' என்ற குரூப்புக்குப் பகிர்ந்திருப்பார்கள். ஒருவரை அந்தக் குரூப்பிலிருந்து நீக்கினால், டிரைவின் மாற்றப் பட்டியலில் எதுவும் பதிவாகாது. கோப்பு மாறவில்லையே, ஆள்தானே மாறினார்! ஆகவே யார் எந்தக் குரூப்பில் இருக்கிறார் என்பதை இண்டெக்ஸில் கரைத்து வைக்காதீர்கள். கோப்போடு குரூப்பின் பெயரை மட்டும் வைத்து, ஒருவர் தேடும் நேரத்தில் அவர் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குரூப்புக்குள் குரூப் இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது தேடலைக் கொஞ்சம் மெதுவாக்கும். ஆகட்டும்.

வடிகட்டுவதைத் தேடுபொறிக்குள்ளேயே செய்ய வேண்டும். விடைகளை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு சிலவற்றை மறைத்தால், மொத்த எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். ஒருவரின் பெயரையும் 'ஒழுங்கு நடவடிக்கை'யையும் சேர்த்துத் தேடுகிறவருக்கு '3 முடிவுகள்' என்று வந்து திரை காலியாக இருந்தால், அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

மாற்றங்களைப் பின்தொடர்வது பற்றிச் சுருக்கமாக. டிரைவ் அனுப்பும் அறிவிப்பில் 'ஏதோ மாறியது' என்பது மட்டும்தான் இருக்கும். எது என்று நாம்தான் டோக்கனைக் காட்டிக் கேட்க வேண்டும். மாற்றப் பட்டியலுக்கான அந்த அறிவிப்பு வழியும் அதிகபட்சம் 7 நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. நான் அறிவிப்பை நம்புவதை விட்டுவிட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாங்களே கேட்கிறோம். ஞாயிறு இரவு முழுவதையும் ஒருமுறை சரிபார்க்கிறோம். குப்பைத் தொட்டிக்குப் போன கோப்பு 30 நாள் அங்கேயே இருக்கும் என்பதால் அது 'இருக்கிறது' என்றே பதில் வரும். தொட்டியில் விழுந்ததா என்று தனியாகப் பார்த்து, விழுந்த உடனே இண்டெக்ஸிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

உரிமை சரியான பிறகுதான் தமிழ்ப் பக்கம் திரும்பினேன். 2010க்கு முந்தைய சுற்றறிக்கைகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. திரையில் தமிழாகத் தெரியும்; உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை என்பதால், உருவிய எழுத்தில் வரிக்கு வரி அரைப்புள்ளியாகக் கொட்டிக் கிடக்கும். அதையே அடையாளமாக வைத்துக்கொண்டேன்: அரைப்புள்ளி அளவுக்கு மீறியிருந்தால் அது பாமினியாக இருக்கலாம்; ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் கொடுத்து யூனிகோடாக்கி, கண்ணால் ஒரு பக்கம் பார்த்துவிட்டு ஏற்று.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது; தேடுபொறிக்கு இரண்டும் வேறு சொல். பழைய மேக் கணினியிலிருந்து ஏற்றிய கோப்புகளின் பெயர்கள் பிரிந்த வடிவில் இருந்தன. ஏற்றும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. வேற்றுமை உருபு ஒட்டிய சொற்கள் இன்னும் முழுதாக வசப்படவில்லை. ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கும் வேர்ச்சொல் வெட்டி இருக்கிறது. 'பள்ளிக்கு' என்றால் 'பள்ளி' கிடைக்கிறது என்பதே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

மறுபடி ஏதாவது கசிந்தால் உடனே தெரிய, எதிலும் உரிமை இல்லாத ஊழியர் கணக்கு ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறோம். தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு நிரல் அந்தக் கணக்கில் நுழைந்து சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை, நோயாளி, கடவுச்சொல் என்று நாற்பது சொற்களைத் தேடும். ஒரு விடை வந்தாலும் தேடல் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். என் போன் அடிக்கும்.

லிங்க் மூலம் திறந்து கிடக்கும் கோப்புகளின் பட்டியலையும் மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறேன். முதல் வெள்ளிக்கிழமை மதியம் அக்காவும் நானும் அதோடு உட்காருகிறோம். எதை மூடலாம் என்று அவர்தான் சொல்கிறார். எனக்குக் கோப்பின் பெயர்தான் தெரியும், அதற்குள் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். போன முறை பதினொன்றை மூடினோம். ஒன்றை மட்டும், "இது இருக்கட்டும் தம்பி, அவங்க அம்மா இன்னும் மருந்துச் சீட்டுக்கு இதைத்தான் திறக்கிறாங்க" என்று விட்டுவைத்தார்.