பொலிகிடாயும் ஆட்டு வம்சமும்

விளாத்திகுளம் சுற்றுவட்டாரக் கரிசல் காட்டில் வேம்பூர், மேலக்கரந்தை, கீழக்கரந்தை, நாகலாபுரம் முதலிய கிராமங்களில் உயர்ந்த செம்மறி இனமொன்று வளர்க்கப்பட்டு வருகிறது. வேம்பூர் ஆடு என்பது அதன் பெயர். (கடற்கரையிலுள்ள வேம்பார் வேறு.) வெண்ணிற உடலில் ஒழுங்கின்றிப் படர்ந்த செந்நிறத் திட்டுக்களும், தொங்கு காதுகளும், உயர்ந்த உடற்கட்டும், கத்தரிக்க வேண்டாத குட்டை மயிரும் இதன் லட்சணங்களாம். கிடாய்க்குக் கொம்புண்டு, பெட்டைக்கு இல்லை.

இவ்வினம் பண்ணையில் உண்டாக்கப்பட்டதன்று. ஒரு கிடையில் பிறக்கும் குட்டிகள் யாவும் ஒரே அச்சாய் இருப்பதில்லை. புல் கருகிய கோடையில் நெடுந்தூரம் நடந்து மேயத்தக்கது பிழைக்கும். மாட்டாதது பருவமடையுமுன்பே மடியும். பிழைத்தவற்றின் குட்டிகளே அடுத்த தலைமுறையாகின்றன. இதனையே இயற்கைத் தேர்வு என்று கூறுவர். சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கிலேயர் 1859-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். அந்நூலின் முதல் அத்தியாயமே வளர்ப்புப் பிராணிகளைப் பற்றியது என்பது ஆடு வளர்ப்போர் அறியத்தக்கது. கரிசலின் வெயில் செய்த தேர்வோடு கீதாரிகள் கண்ணால் பார்த்துச் செய்த தேர்வும் சேர்ந்தே வேம்பூர் ஆடு உருவாயிற்று.

ஆனால் கிராமங்களில் நடப்பதென்ன? வியாபாரி வந்து, கிடாய்க்குட்டிகளில் கனத்ததைக் கேட்கிறார். ஆட்டுக்காரருக்கோ விதைப்புக்கும் வட்டிக்கும் ரொக்கம் வேண்டியிருக்கிறது. நல்ல குட்டி போய்விடுகிறது. விலை போகாத நோஞ்சான் மந்தையில் தங்கி, பெட்டைகளோடு சேருகிறது. இயற்கை எதைக் கழித்து வந்ததோ அதுவே இப்பொழுது தகப்பனாகிறது. ஆட்டுக்காரரைக் குறை கூறுவது நியாயமன்று. பத்துப் பெட்டை உடையவர் ஒரு பொலிகிடாயைத் தனியே வைத்துத் தீனி போடுவது எளிதன்று.

இனி, கிடாயைத் தேர்ந்தெடுக்கும் விதம். அடையாளத்துக்காகத் தலைமுறை தலைமுறையாய்க் காது வெட்டப்படும் மந்தையிலும் குட்டிகள் முழுக் காதோடேயே பிறக்கின்றன. வைஸ்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர் சுண்டெலிகளின் வாலைப் பல தலைமுறை வெட்டிப் பார்த்தார். வாலில்லாத குஞ்சு ஒன்றேனும் பிறக்கவில்லை. உடலுக்குப் பின்னால் நேர்ந்தது இவ்வாறு வம்சத்தில் இறங்குவதில்லை. ஆகையால் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தின்று சந்தையில் மினுக்கி நிற்கும் கிடாயைக் கண்டு மயங்கலாகாது. அக்கொழுப்பைத் தீனி தந்தது. அதன் தாயையும் உடன்பிறப்புக்களையும் பார்த்தல் வேண்டும். முன்னரே குட்டி போட்டிருப்பின் அக்குட்டிகளைப் பார்ப்பது அதனினும் மேல்.

கண்ணுக்குத் தோன்றாத குணமும் உள்ளே உறைதல் உண்டு. மெண்டல் என்னும் பாதிரியார் உருண்டை மணிப் பட்டாணியையும் சுருங்கிய மணிப் பட்டாணியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டையாகவே விளைந்தன. அவற்றைத் தாமே மகரந்தம் கொண்டு காய்க்க விட்டதில் 5,474 மணிகள் உருண்டையாகவும் 1,850 மணிகள் சுருங்கியும் காணப்பட்டன. சுருக்கம் அழியவில்லை, மறைந்தே இருந்தது. 1866-ம் வருஷத்தில் வெளியான இம்முடிவை 1900-ம் வருஷம் வரையில் உலகம் பெரும்பாலும் கவனிக்கவேயில்லை! ஒரே கிடாய் தன் பெண் குட்டிகளோடும் சேருமாயின், இருபுறமும் மறைந்திருந்த குறை ஒன்றுகூடி ஊனமாகவும் நலிவாகவும் வெளிப்படக்கூடும்.

ஆதலின் சங்கத்தின் அங்கத்தினர் மூவர் நால்வர் சேர்ந்து, இருபத்தைந்து முப்பது பெட்டைகளுக்கு ஒரு பொலிகிடாய் வீதம் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். தீனிச் செலவு பெட்டைகளின் எண்ணிக்கைப்படி பிரியும். கனத்த குட்டியை வியாபாரியிடம் விடாமல் நிறுத்துவதற்குக் குறுகிய காலக் கடன் உதவும். இரண்டு வருஷத்துக்கொருமுறை அக்கிடாயை அடுத்த ஊர்ச் சங்கத்தின் கிடாயோடு மாற்றிக்கொள்ள வேண்டும்; மாற்றும்போது அதன் தாய், பிறந்த மாதம், குட்டிகளின் மூன்று மாத எடை ஆகியவை எழுதிய ஏடும் அதனுடன் செல்ல வேண்டும்.